தடை மனு என்னைக்கு வரும்?

அன்பு மாப்ளே,

நலம்தானே? தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லி டிமிக்கி கொடுத்தாயே, அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது எழுத உட்கார்ந்தது நம்ம வக்கீல் கட்டையனுக்காக. சஸ்பெண்ட் உத்தரவை எதிர்த்து டெல்லியில் இந்திய பார் கவுன்சிலில் அவன் போட்ட அப்பீல் மறுபடியும் வாய்தா. உன்னிடம் மூச்சு விட்டிருக்க மாட்டான். மெஸ் பில் விவகாரத்திலேயே பார்த்தோமே அவன் ரோஷத்தை.

கட்சிக்காரரைக் கேட்காமல் காம்ப்ரமைஸ் மெமோ போட்டான் என்பதுதான் புகார். "சமாதானமாப் போயிடலாம் சார்" என்று அந்த மனுஷர் கைப்பட எழுதிய கடிதம் கேஸ் கட்டிலேயே இருக்கிறது, நானே படித்தேன். விசாரித்த மாநில பார் கவுன்சில்காரர்கள் அதைச் சாட்சியமாக மார்க் பண்ணவே விடவில்லை. ஒரு வருஷம் தொழில் பண்ணக் கூடாது என்று சஸ்பெண்ட்.

அப்பீலும், அது முடிகிறவரை சஸ்பெண்டை நிறுத்திவைக்கக் கேட்கும் தடை மனுவும் கெடுவுக்குள் போட்டாகிவிட்டது. அதோடு சரி. முதலில், கீழேயிருந்து ரெக்கார்டு வரவில்லை. பிறகு, மூன்று பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஒருவர் வரவில்லை. அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் வீட்டில் கல்யாணம். இந்தத் தடவை அவர்கள் கவுன்ட்டர், அதாவது பதில் மனு, போட டைம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து போகிறவன், இரண்டு நிமிஷத்தில் தேதி வாங்கிக்கொண்டு திரும்புகிறான்.

சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தேன். படித்ததும் கோபம்தான் கூடியது. வழக்கறிஞர் சட்டம் 1961, பிரிவு 36-பி: வக்கீல் மேல் வந்த புகாரை மாநில பார் கவுன்சில் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் டெல்லியில் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். மாறி வந்ததும் அங்கேயே கிடக்கிறதே என்று, 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கும் ஓராண்டு கெடு வைத்தது. பிரிவு 37-இல் அப்பீல் போட நமக்கு 60 நாள். அந்த அப்பீலை முடிக்க? ஒரு வரி கிடையாது! அப்பீல் போட்டதாலேயே உத்தரவு நின்றுவிடாது, தடையைத் தனியாக வாங்கு என்கிறது பிரிவு 40. ஆக, தடை மனு தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதமும் தண்டனையில்தான் கழிகிறது. வருஷம் முடிந்தபின் "நீ தப்பு செய்யவில்லை" என்று வந்தால், எதைத் திருப்பிக் கொடுப்பார்கள்?

இதே வாய்தா இன்னொருத்தருக்குத் தேனாக இருக்கிறது. ஆக்சிடென்ட் கேஸில் ஒரு அம்மாவின் இழப்பீட்டுப் பணத்தை அமுக்கியவர், தடை வாங்கிக்கொண்டு எங்கள் கோர்ட்டில்தான் தினமும் ஆஜராகிறார். அந்த அம்மா வராந்தாவில் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். தப்பு செய்தவன் தொழில் பண்ணுகிறான், செய்யாதவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்.

சிவில் கேஸில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாதான் என்று சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 17-இல் கொண்டுவந்தார்களே. நம்ம சேலம் வக்கீல் சங்கம் எதிர்த்துப் போன வழக்கில், 2005-இல், வரம்பு செல்லும், கைமீறிய காரணம் இருந்தால்தான் விலக்கு என்று தீர்ப்பு வந்தது. வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை என்பது காரணமே ஆகாது என்று அந்த ஆர்டரிலேயே எழுதியிருக்கிறது. ஒருத்தன் பிழைப்பே தொங்குகிற அப்பீலுக்கு இந்த அளவு கட்டுப்பாடாவது வேண்டாமா?

போன வாரம் அவன் ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா அண்ணன் அலமாரியிலிருந்து கட்டுகளை இறக்கி, நம்பர் பார்த்து மேஜையில் அடுக்குகிறார். பார்ட்டிகள் வேறு வக்கீலிடம் போவதற்காக, கட்டையன் ஒவ்வொரு வக்காலத்திலும் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான். வாங்கிய முன்பணத்தையும் எண்ணிக் கொடுக்கிறான். பன்னிரண்டு வருஷமாக இருந்த பார்ட்டி ஒருத்தர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்குத் தாங்கவில்லை, மாப்ளே.

நீ செய்ய வேண்டியது இது. அங்கே டெல்லியில் உனக்குத் தெரிந்த நல்ல வக்கீல் ஒருவரைப் பிடி. சீக்கிரம் விசாரிக்கச் சொல்லி மனு போட வேண்டும். அப்பீல் பிறகு நடக்கட்டும், தடை மனுவை மட்டும் அன்றைக்கே எடுக்கச் சொல்லி நிற்க வேண்டும். தள்ளுபடி என்றாலும் எழுத்தில் கொடுக்கட்டும், அதை வைத்து ஹைகோர்ட்டுக்காவது போகலாம். வெறும் தேதியை வைத்துக்கொண்டு எங்கே போவது?

அவன் ஸ்டேஷன் பக்கம் ஏதோ லாட்ஜில் தங்குகிறான். உன் வீட்டுக்குக் கூப்பிடு. நீயாகக் கேள்விப்பட்டதாகச் சொல், நான் எழுதினேன் என்று தெரிந்தால் வர மாட்டான். தேதி தெரிந்ததும் போன் பண்ணுகிறேன்.

உன்,
மச்சான்