வில்லியம் ஃபோர்டையும் பாடத்தில் சேருங்கள்: மிச்சிகன் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

வணக்கம். வார இறுதித் தூக்கத்தை விட்டுக்கொடுத்து, ஒரு டாலர்கூட வாங்காமல் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறீர்கள். உங்களிடம் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கோரிக்கை இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"நம் ஊரின் பெரிய மனிதர்" என்று கட்டுரை எழுதச் சொன்னால், டெட்ராய்ட் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ஃபோர்டு கார் நிறுவனத்தைத் தொடங்கிய ஹென்றி ஃபோர்டைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கதையும் எப்போதும் ஒரே மாதிரிதான். அப்பா ஒரு விவசாயி, அவருக்கு இயந்திரம் என்றாலே ஆகாது. மகன் இரவில் யாருக்கும் தெரியாமல் அக்கம்பக்கத்தாரின் கடிகாரங்களைப் பழுது பார்த்தான். பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போனான், உலகத்தையே மாற்றினான். இந்தக் கட்டுரைகளில் அந்த அப்பாவுக்குப் பெயர்கூட இருப்பதில்லை.

அவர் பெயர் வில்லியம் ஃபோர்டு. 1826இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், க்ளோனகில்ட்டிக்குப் பக்கத்தில் பாலினஸ்கார்த்தி என்ற சிற்றூரை ஒட்டிப் பிறந்தவர். குடும்பத்துக்குச் சொந்த நிலம் கிடையாது, குத்தகை விவசாயம்தான். அன்றைய அயர்லாந்தில் குத்தகைக்காரர் வேலி கட்டினாலும், கல் பொறுக்கி மண்ணைத் திருத்தினாலும், அதன் பலன் கடைசியில் நிலக்கிழாருக்குத்தான் போய்ச் சேரும். கிளம்பு என்று சொன்னால் கிளம்ப வேண்டியதுதான். ஃபோர்டு குடும்பம் புராட்டஸ்டன்ட் குடும்பம், ஆகவே கத்தோலிக்க ஏழைகள் பட்ட அத்தனை பாட்டையும் அவர்கள் படவில்லை. பிள்ளைகள் "பசியில் ஓடிவந்த ஏழைகள்" என்று ஒரே வரியில் எழுதிவிடுவதால் இதைச் சொல்கிறேன். உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த காலத்தில்தான் கிளம்பினார்கள், உண்மை. ஆனால் கப்பல் கட்டணம் கொடுக்க முடிந்த நிலையில் இருந்தார்கள். வில்லியமின் சித்தப்பா, பெரியப்பா முறையினர் 1832லேயே மிச்சிகனுக்கு வந்து காலூன்றியிருந்தார்கள். முன்னால் போனவர் கடிதம் போட, பின்னால் இருப்பவர் மூட்டை கட்டுவது நம் வீடுகளிலும் நடந்ததுதான்.

1847இல் வில்லியமின் அப்பா ஜான் ஃபோர்டு, அம்மா தாமஸீனா, ஏழு பிள்ளைகள், அப்புறம் பாட்டி எல்லோரும் கப்பலேறினார்கள். அந்த ஆண்டைத்தான் அயர்லாந்துக்காரர்கள் "கறுப்பு 47" என்று இன்றும் சொல்கிறார்கள். அட்லான்டிக்கைக் கடந்த கப்பல்களில் டைஃபஸ் காய்ச்சல் பரவியிருந்தது. கனடாவில் கியூபெக்குக்குக் கீழே உள்ள க்ரோஸ் ஈல் என்ற, நோய்க்காகப் பயணிகளைத் தடுத்துவைத்த தீவில் மட்டும் அந்த ஒரே ஆண்டில் 5,000க்கும் மேற்பட்டவர்களைப் புதைத்தார்கள். தாமஸீனா மிச்சிகன் மண்ணைப் பார்க்கவே இல்லை, வழியிலேயே போய்விட்டார். தாயில்லாமல் வந்து இறங்கிய ஏழு பிள்ளைகளில் மூத்தவர் வில்லியம். அப்போது அவருக்கு 20 வயது.

1848 தொடக்கத்தில் ஜான் 80 ஏக்கர் வாங்கினார், விலை 350 டாலர், அதுவும் கடன். நிலம் என்றால் உழுவதற்குத் தயாராக இருந்த நிலம் அல்ல, காடு. மரத்தை வெட்டி, வேர்க்கட்டையைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் விதைக்க முடியும். கடனை அடைக்க வில்லியம் மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் தச்சு வேலைக்குப் போனார். மகனுடைய கதையில் "இயந்திரத்தை வெறுத்த பட்டிக்காட்டு அப்பா" என்று வருகிறவர், குடும்பக் கடனை அடைத்தது ரயில்பாதைக் கூலியில்தான்!

பத்து ஆண்டுகள் கழித்து, 1858இல், அப்பாவிடமிருந்தே அதில் 40 ஏக்கரை வில்லியம் 600 டாலருக்கு வாங்கினார். கணக்கு வகுப்பில்கூட இதைக் கொடுக்கலாம். மொத்த நிலமும் 350, அதில் பாதி 600. இடையில் நடந்தது மரம் வெட்டியதும் மண்ணைத் திருத்தியதும்தான். அயர்லாந்தில் நிலக்கிழாருக்குப் போயிருக்கக்கூடிய உழைப்பு இங்கே அவர்கள் பெயரிலேயே நின்றது. அதற்காகத்தான் வந்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காடு யாருடையதும் இல்லாமல் சும்மா கிடக்கவில்லை. ஒடாவா, ஒஜிப்வே, பொட்டவாட்டமி, வையண்டாட் மக்களிடமிருந்து 1807ஆம் ஆண்டு டெட்ராய்ட் ஒப்பந்தத்தின்படி அமெரிக்க அரசு எடுத்துக்கொண்ட நிலப்பரப்பு அது. நாம் இன்று வீடு வாங்கிக் குடியிருக்கும் தென்கிழக்கு மிச்சிகனின் பெரும்பகுதி அதில் அடக்கம். பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் இதை மறைக்கத் தேவையில்லை.

வில்லியம் வேலை செய்த இடங்களில் ஒன்று, கார்க் மாவட்டத்திலிருந்தே வந்த பேட்ரிக் அஹெர்ன் என்பவரின் பண்ணை. அஹெர்ன் தம்பதிக்குக் குழந்தை இல்லை. பெற்றோரை இழந்த மேரி லிட்டோகாட் என்ற பெண்ணை எடுத்து வளர்த்தார்கள். 1861இல் வில்லியமும் மேரியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். புது வீட்டில் மகள், மருமகனோடு அஹெர்ன் தம்பதியும் கடைசி வரை சேர்ந்தே இருந்தார்கள். 1863 ஜூலை 30 அன்று ஹென்றி பிறந்தது அந்தக் கூட்டுக் குடும்பத்தில்தான். டெட்ராய்ட்டை அடுத்த டியர்பார்னில் ஹென்றி பின்னாளில் கட்டிய மாளிகைக்கு "ஃபேர் லேன்" என்று பெயர். கார்க் நகரில் பேட்ரிக் அஹெர்ன் வாழ்ந்த பகுதியின் பெயர் அது. வளர்ப்புத் தாத்தாவின் தெரு மாளிகைக்குப் பெயரானது. பெற்ற அப்பாவுக்கு அந்த அளவு மரியாதை மகனின் எழுத்தில் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

1922இல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதையில், இயந்திரங்களில் தனக்கிருந்த ஆர்வம் அப்பாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, தான் விவசாயியாக வேண்டும் என்றே அவர் நினைத்தார் என்று ஹென்றி சொல்கிறார். இயந்திர வேலையை விட்டால் மரங்கள் நிறைந்த நிலம் தருவதாக அப்பா சொன்னதையும் எழுதியிருக்கிறார். அதற்குள் வில்லியம் இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன, பதில் சொல்ல ஆள் இல்லை. பதில் வந்தது ஹென்றியின் தங்கை மார்கரெட்டிடமிருந்து, அண்ணனும் போன பிறகு. இரவில் ஒளிந்துபோய்க் கடிகாரம் வாங்கிவந்து பழுது பார்த்த கதையெல்லாம் தனக்குத் தெரியாது என்று அவர் 1953இல் எழுதினார். அப்பா கைவேலை தெரிந்தவர், மகனுடைய திறமையில் பெருமைப்பட்டவர் என்பது அவருடைய சாட்சி. டெட்ராய்ட்டில் ஹென்றி சேர்ந்த ஃபிளவர் சகோதரர்களின் பட்டறைகூட முன்பின் தெரியாத இடம் அல்ல, அவர்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். நகரத்தில் தங்கியதும் அத்தை வீட்டில். இதற்குப் பெயர் ஓடிப்போவதா?

மகனை நிலத்தோடு கட்டிப்போட அப்பா விரும்பினார் என்பதை நான் மறுக்கவில்லை. குத்தகை நிலத்தில் பிறந்து, அம்மாவை வழியில் இழந்து, காட்டை வெட்டிச் சொந்த நிலம் சேர்த்தவருக்கு, பிள்ளைக்குத் தர அதைவிடப் பெரிய சொத்து எது? அப்பா தருவதாகச் சொன்ன அந்த நிலத்தை ஹென்றி ஏற்றுக்கொண்டார். 1888இல் கிளாராவைக் கல்யாணம் செய்தார், மரமறுக்கும் இயந்திரத்தை ஓட்டிச் சம்பாதித்தார், 1891இல் நகரத்துக்கே கிளம்பிவிட்டார். அப்பாவின் நிபந்தனை தோற்றது, அப்பாவின் நிலம் உதவியது. மதுரைப் பக்கத்திலோ ஈரோட்டுப் பக்கத்திலோ வயலை விற்று இன்ஜினியரிங் படிக்க வைத்த அப்பாக்களின் பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் தொடங்கி டியர்பார்னுக்கு மாற்றலாகி வந்தவர்களும் இருக்கிறார்கள். "எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, நானா முன்னேறினேன்" என்று நம் வீடுகளில் கேட்காத பேச்சா இது?

ஹென்றியே விட்டுச்சென்ற ஒரு சிறு குறிப்பும் இருக்கிறது. தன் வாழ்க்கையில் முதல் நினைவு எது என்று அவர் பின்னாளில் குறித்துவைத்தார். கார் இல்லை, கடிகாரம் இல்லை. விழுந்து கிடந்த ஓக் மரத்துக்கு அடியில் இருந்த பறவைக் கூட்டைக் காட்ட, அப்பா தன்னையும் தம்பி ஜானையும் கூட்டிப்போன நாள். தன்வரலாற்றையும் இந்தக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பு எடுங்கள். ஒரே மனிதர் ஒரே அப்பாவைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாராளமாகப் புரிந்துகொள்ளும்.

அம்மா மேரியின் மேல் ஹென்றிக்கு இருந்தது வேறு வகைப் பாசம். 1876இல், அவருக்கு 12 வயதானபோது, பிரசவத்தை ஒட்டி மேரி இறந்தார். பிறந்த வீட்டை 1919இல் அவர் புதுப்பித்தபோது, அம்மா இருந்த காலத்து நிலைக்கே கொண்டுவந்தார். வீட்டைச் சுற்றித் தோண்டி உடைந்த பீங்கான் துண்டுகளை எடுத்து, அதே பூப்போட்ட தட்டுகளைத் தேடச் சொன்னார். 1944இல் அந்த வீடு டியர்பார்னில் உள்ள கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு இடம் மாறியது. பள்ளிச் சுற்றுலாவில் நாம் பார்ப்பது அந்த வீட்டைத்தான். அது மேரியின் நினைவு இல்லமாகவே இருக்கிறது. கடனில் வாங்கிய காட்டை விளைநிலமாக்கியவரை அங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். அடுத்த சுற்றுலாவுக்கு முன் ஒரு வகுப்பை வில்லியமுக்கு ஒதுக்குங்கள். முடிந்தால் பேருந்தை டெட்ராய்ட் ஜாய் சாலையில் உள்ள ஃபோர்டு குடும்பக் கல்லறைக்கும் ஒரு நடை விடுங்கள். 1905இல், ஹென்றிக்குப் பெயர் வாங்கித் தந்த மாடல் டி கார் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, வில்லியம் இறந்தார். 1947இல் ஹென்றியையும் அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.

அப்புறம், கோடை விடுமுறைக்கு வழக்கமாகத் தரும் "என் தாத்தா பாட்டி" கட்டுரையைக் கொஞ்சம் மாற்றுங்கள். ஆறு மாத விசாவில் தாத்தா பாட்டி வந்திருக்கும் நேரம் அது. தாத்தாவைப் பற்றி அப்பாவிடம் மட்டும் கேட்டு எழுத வேண்டாம். அத்தையிடமும் கேட்கட்டும், ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு போடட்டும். நிலம் நஞ்சையா புஞ்சையா, சொந்தமா குத்தகையா, பட்டா யார் பெயரில் இருந்தது, அதில் வேலை செய்தது யார், எந்த ஆண்டு, எதற்காக விற்றார்கள் என்று கேட்கட்டும். நிலமே இல்லாத குடும்பம் என்றால் யாருடைய நிலத்தில் கூலிக்குப் போனார்கள் என்று கேட்கட்டும். இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் குறைக்காதீர்கள். கேள்வித்தாளைத் தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சனிக்கிழமை காலை எனக்கு வசதிப்படும்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியில் பிள்ளை படிக்கும் ஒரு பெற்றோர்