உடுமலையிலிருந்து நண்பனுக்கு: வரப்போகும் விளையாட்டுகளும் வீட்டிலிருந்தே பிறந்த விளையாட்டுகளும்

உடுமலைப்பேட்டை,
தை, 2026.

அன்புள்ள செந்திலுக்கு,

உன் கடிதம் பட்டிப் பொங்கலுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து இப்போது தோட்டம் வரை நடக்கிறார்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தம்பிக்கு ஒரு கன்சோல் (வீடியோ கேம் விளையாடும் கருவி) வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாய் என்றும், எதை வாங்குவது, இந்த ஆண்டு வரப்போகும் விளையாட்டுகளில் எதற்காகக் காத்திருப்பது என்றும் கேட்டிருந்தாய். திருப்பூரில் நாம் இருவரும் கேசட் போட்டு விளையாடிய காலம் முதல் இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் ஈடுபாடு உனக்குத் தெரியும் என்பதால், பதில் சற்று நீளமாகவே இருக்கும்.

பெரிய விளையாட்டுகளிலிருந்து தொடங்குகிறேன். உலகமே எதிர்பார்த்திருப்பது ராக்ஸ்டார் நிறுவனத்தின் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6. இதற்கு முந்தைய ஐந்தாம் பாகம் வந்தது 2013 செப்டம்பரில். ஆறாம் பாகத்தின் முதல் டிரெய்லர் 2023 டிசம்பரில் வந்தபோது 2025-இல் வெளியாகும் என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். கடந்த நவம்பரில் அதையும் மாற்றி 2026 நவம்பர் 19 என்று அறிவித்திருக்கிறார்கள். சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5), மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகிய கன்சோல்களுக்கு மட்டுமே இப்போதைக்கு அறிவிப்பு உள்ளது. அதற்கு முன்பாக, வரும் பிப்ரவரி 27-ஆம் தேதி கேப்காம் நிறுவனத்தின் ரெசிடென்ட் ஈவில் ரெக்வியம் வருகிறது. இரண்டும் திறமையாளர்களின் கைவேலை என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் இரண்டு வரிசைகளும் தொடக்கம் முதலே பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை, ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு உரியவை அல்ல. ஆகவே, ஊரெல்லாம் பேசும் விளையாட்டுக்காகக் கன்சோல் வாங்குகிறோம் என்ற எண்ணத்தை நீ இப்போதே விட்டுவிடலாம்.

அவன் வயதுக்கு நிண்டெண்டோவின் விளையாட்டுகள் பொருந்தும். மார்ச் 5-ஆம் தேதி போக்கிமான் போகோபியா என்ற ஒன்று அவர்களுடைய ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு வருகிறது; பாழ்பட்ட நிலத்தைச் சீர்திருத்தி, மரம் செடி வைத்து, வீடு கட்டி, உயிர்களைத் திரும்ப அழைத்துவரும் விளையாட்டு அது, சண்டைக்கு அதில் முதலிடம் இல்லை. ஸ்விட்ச் 2 கன்சோல் 2025 ஜூன் 5-இல் வெளிவந்தது. அதில் ஒன்றை மட்டும் கவனத்தில் வை: சில விளையாட்டுகளுக்குக் கடையில் விற்கும் அட்டையில் விளையாட்டே இருக்காது. திறவுகோல் மட்டும் இருக்கும். விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு முறையும் அட்டையையும் செருகியிருக்க வேண்டும். பிஎஸ்5 இங்கே 50,000 ரூபாய் அளவுக்கு வந்துவிடுகிறது, பெரிய விளையாட்டு ஒவ்வொன்றும் 5,000 ரூபாயைத் தொடுகிறது, சிலவற்றின் கோப்பு 100 ஜிபியைத் தாண்டுகிறது. உன் வீட்டு இணைய இணைப்பையும் மாதச் செலவையும் எண்ணிப் பார்த்துக்கொள்.

இப்போது நான் உண்மையில் எழுத விரும்பியதற்கு வருகிறேன். சென்ற ஆண்டு கன்சோல் உலகில் நடந்த நிகழ்ச்சிகளில் என்னை மிகவும் மகிழ்வித்தது எந்தப் பெரிய நிறுவனத்தின் வெளியீடும் அல்ல. 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி ஹாலோ நைட்: சில்க்சாங் வெளியானபோது, வாங்க வந்தவர்களின் நெரிசலைத் தாங்க முடியாமல் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம், பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ ஆகியவற்றின் இணையக் கடைகள் தடுமாறிப்போயின. விலை 20 டாலர்தான். அதைச் செய்தவர்கள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் இருக்கும் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழுவினர். முதல் ஹாலோ நைட்டின் வேரைத் தேடிப் போனால், 2013-இல் லூடம் டேர் என்ற கேம் ஜாமில், அதாவது இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு விளையாட்டை உருவாக்கி முடிக்கும் பொழுதுபோக்குப் போட்டியில், அவர்கள் செய்த ஒரு சின்னஞ்சிறு விளையாட்டில் போய் நிற்கிறது. 2014-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது கிடைத்தது ஏறத்தாழ 57,000 ஆஸ்திரேலிய டாலர். அந்தத் தொகையை நம்பித்தான் முழு விளையாட்டில் இறங்கினார்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேல் உலகம் காத்திருந்த ஒரு பெயர் அத்தனை எளிய இடத்திலிருந்து புறப்பட்டது என்பதைத் தம்பி அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுதாமல் என்னால் மேலே செல்ல முடியாது. ஜப்பானில் டைசுகே அமாயா என்பவர், பிக்செல் என்ற புனைபெயரில், ஓய்வு நேரங்களில் ஐந்து ஆண்டுகள் தனியாக உட்கார்ந்து கேவ் ஸ்டோரி என்ற விளையாட்டைச் செய்தார். நிரல், படங்கள், கதை, இசை அனைத்தும் அவர் ஒருவருடையவை. இசையமைப்பதற்கான மென்பொருளைக்கூட அவரே எழுதிக்கொண்டார். 2004 டிசம்பரில் அதை இணையத்தில் இலவசமாக வைத்தார். ஜப்பானிய மொழியில் மட்டுமே இருந்த அதை ஆர்வலர்கள் தாங்களாகவே ஆங்கிலத்தில் பெயர்த்துப் பரப்பினார்கள். 2010-இல் நிண்டெண்டோவின் வீ கன்சோலுக்குத் தரவிறக்க விளையாட்டாக அது வந்து சேர்ந்தது. கதையில் உறவின் பாசமும் இழப்பும் எத்தனை இயல்பாக வருகின்றன என்பதை விளையாடித்தான் உணர முடியும். ஒருவரை விட்டுவிட்டு ஓட வேண்டிய ஓர் இடத்தில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மூலக் கோப்பு ஒரு பாட்டுக் கோப்பைவிடச் சிறியது. கோடிக்கணக்கான டாலர் செலவிட்டு ஆயிரக்கணக்கானோர் உழைக்கும் விளையாட்டில் எனக்குக் கிடைக்காத நெருக்கம் இதில் கிடைப்பதற்குக் காரணம், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே மனிதனின் மனம் தெரிவதுதான்.

கன்சோல் நிறுவனங்களும் ஒரு காலத்தில் இத்தகையவர்களுக்குக் கதவைத் திறந்துதான் வைத்தன. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்என்ஏ என்ற கருவித் தொகுப்பைக் கொடுத்து, 2008 முதல் எக்ஸ்பாக்ஸ் 360-இல் யார் வேண்டுமானாலும் ஆண்டுச் சந்தா கட்டித் தாங்கள் செய்த விளையாட்டை விற்கலாம் என்று அனுமதித்தது. வெளியிடுவதற்கு முன் அதைச் சரிபார்த்தவர்கள் சக ஆர்வலர்களே. 2013-இல் எக்ஸ்என்ஏவை மேம்படுத்துவதை நிறுத்தினார்கள், 2017-இல் அந்தக் கடையையே மூடிவிட்டார்கள். ஆனால் அந்தக் கருவியில் கை பழகியவர்கள் ஓய்ந்துவிடவில்லை. எரிக் பரோன் என்ற இளைஞர் ஒரு கலையரங்கில் வாயில் பணியாளராக இருந்துகொண்டு, எக்ஸ்என்ஏவில் தொடங்கி, நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக உழைத்து 2016-இல் வெளியிட்டதுதான் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டு. இன்று அது நான்கு கோடிப் பிரதிகளைக் கடந்துவிட்டது. எல்லாக் கன்சோல்களிலும் கிடைக்கிறது. அவர் அடுத்துச் செய்துகொண்டிருக்கும் ஹாண்டட் சாக்கலேட்டியர் எப்போது வரும் என்று அவர் தேதி சொல்லவில்லை. என்னுடைய எதிர்பார்ப்புப் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான்.

தரவிறக்க விளையாட்டுகளில் என் மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கன்சோலின் இணையக் கடையில் வாங்குவது அந்தக் கடை இருக்கும்வரைதான். வீ கன்சோலின் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. நிண்டெண்டோவின் மற்ற கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ ஆகிய இரண்டின் கடைகளும் 2023 மார்ச் 27-ஆம் தேதி விற்பனையை நிறுத்திக்கொண்டன. அவற்றில் மட்டுமே இருந்த சிறிய விளையாட்டுகளை இனி முறையாக வாங்க வழியில்லை. ஆனால், கேவ் ஸ்டோரியின் அந்த இலவசக் கோப்பு இன்றும் எந்தப் பழைய கணினியிலும் திறக்கிறது, எவர் கையிலும் இருக்கிறது. ஒரு படைப்பு நிலைத்திருக்க வேண்டுமானால், பூட்டில்லாத கோப்பாக நாலு பேர் வீட்டில் இருப்பதே அதற்குச் சிறந்த காப்பு என்பது என் உறுதியான கருத்து.

நம்மவர்கள் செய்ததிலும் ஒன்றைத் தம்பி அவசியம் விளையாட வேண்டும். டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்ட வெண்பா. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் கதை. ஊரிலிருந்து கொண்டுபோன சமையல் குறிப்பேட்டில் கிழிந்தும் அழிந்தும் போன வரிகளை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பதே முதல் புதிர். மகன் வளர வளர வீட்டு மொழியிலிருந்து விலகிப் போவதும் பிறகு அதைத் தேடி வருவதும் அந்தச் சமையலின் ஊடாகவே சொல்லப்படுகின்றன. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் முதல் படைப்புக்கான விருதையும், இண்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் தலையாய பரிசையும் அது பெற்றது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் மூன்றிலும் உண்டு.

இனி எங்கள் வீட்டுச் செய்தி. கோவையில் பொறியியல் படிக்கும் எங்கள் அக்கா மகள் ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறாள் என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, அது இப்போது உருப்பெற்றுவிட்டது. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் (பிஏபி) பாசனம்தான் அதன் களம். தண்ணீர் பாயும் நிலமான ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிந்திருப்பதும், ஒவ்வொரு மண்டலத்துக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் உனக்குத் தெரிந்ததே. விளையாடுபவர் மதகு திறப்பவராகத் தொடங்குகிறார். திருமூர்த்தி அணையிலிருந்து வரும் அளவான நீரைக் கிளை வாய்க்கால்களுக்குப் பகிர்ந்து, கசிவுக்கும் வெயிலுக்கும் போனது போக, மக்காச்சோளம் வாடுவதற்குள் கடைமடை வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மேல்மடைக்காரருக்கு அதிகம் கொடுத்தால் அந்தக் கட்டத்தில் எளிதாகப் புள்ளிகள் சேரும், ஆனால் அடுத்த கட்டத்தில் கடைமடைத் தோட்டங்கள் தரிசாகிக் கிடக்கும். மூன்றாவது கட்டம் இரவு முறை. அவளுடைய அப்பாரு, அதாவது தாத்தா, கடைமடைத் தோட்டக்காரர். நள்ளிரவில் டார்ச் விளக்கும் மம்பட்டியுமாகப் போய்த் தண்ணீர் கட்டிய கதைகளைச் சொல்லச் சொல்ல அதை எழுதியிருக்கிறாள். திரை முழுவதும் இருள், விளக்கு வெளிச்சம் விழும் இடம் மட்டும் தெரியும், தண்ணீர் எங்கே உடைப்பெடுத்துப் போகிறது என்பதை ஓசையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஒரு கட்டத்தை எந்தப் பெரிய நிறுவனமும் எண்ணிக்கூடப் பார்த்திருக்காது. பிஏபி தண்ணீரில் வளர்ந்த ஒருவரால்தான் அதைச் செய்ய முடியும்.

அவள் பயன்படுத்துவது கோடோ என்ற எஞ்சின், அதாவது விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருள். அர்ஜென்டினாவில் பிறந்து, 2014-இல் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட கருவி அது. அதில் செய்த விளையாட்டை விற்றாலும் யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம் தன் எஞ்சினில் செய்த விளையாட்டு ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டது என்றாலும், அந்த இடைவெளியில் சிறு படைப்பாளிகள் பலர் கோடோவுக்கு மாறிவிட்டார்கள். அவள் மாறியதற்கு வேறொரு காரணமும் இருந்தது, அது நம் எழுத்து. 'கொடு' என்று எழுதினால் கணினியில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அதற்குப் பின்னாலும் பதிவாகின்றன. திரையில் காட்டும்போது ஒற்றைக்கொம்பை முன்னே கொண்டுவந்து, காலைப் பின்னே போட வேண்டும். அந்த அடுக்கு வேலையைச் செய்யத் தெரியாத எஞ்சின்களில் கொம்பு இடம் மாறி நின்று தமிழே சிதைந்துவிடும். கோடோவின் பழைய பதிப்பிலும் அதே நிலைதான். 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில்தான் அது சரியானது. அதற்கு முன்பெல்லாம் விளையாட்டில் தமிழ் வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்து ஒட்டுவதே பலருக்கும் வழியாக இருந்தது.

கன்சோலில் அது வருமா என்று கேட்பாய். பிளேஸ்டேஷனுக்கும் நிண்டெண்டோவுக்கும் போக அந்தந்த நிறுவனத்திடம் பதிவு பெற வேண்டும். அவர்களுடைய கருவிகள் ஒப்பந்தத்தால் மூடப்பட்டவை என்பதால், திறந்த எஞ்சினான கோடோவுக்குள் அவற்றை நேரடியாகச் சேர்க்க முடியாது, மாற்றிக்கொடுக்கத் தனி நிறுவனத்தின் உதவி வேண்டும். ஸ்டீமில் ஒரு விளையாட்டை வைக்க 100 டாலர். ஆகவே முதலில், சிறு படைப்பாளிகள் தங்கள் விளையாட்டுகளை வெளியிடும் இட்ச் தளத்தில், விருப்பமுள்ளவர் விருப்பமான தொகை கொடுக்கலாம் என்று வைத்துவிட்டு, விளையாடியவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டு பிறகு மேலே போகலாம் என்று நானும் அவளும் பேசி வைத்திருக்கிறோம்.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: இப்போது கன்சோலுக்கு அவசரப்படாதே. தம்பியிடம் இருக்கும் மடிக்கணினியே நான் இங்கே குறிப்பிட்ட சிறு விளையாட்டுகள் அத்தனைக்கும் போதும். கன்ட்ரோலர் ஒன்றை மட்டும் வாங்கிக் கொடு. அவற்றை விளையாடிய பிறகும் அவனுக்குக் கன்சோல் வேண்டும் என்று தோன்றினால், தீபாவளிக்கு வாங்கலாம். அதற்குள் விலையும் விளையாட்டுகளும் தெளிவாகிவிடும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பென்டிரைவ் அனுப்பியிருக்கிறேன். கேவ் ஸ்டோரியின் இலவசப் பதிப்பும், அக்கா மகள் அம்மிணியின் விளையாட்டும் அதில் இருக்கின்றன. இரவு முறைக் கட்டத்தைத் தம்பி காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு விளையாட வேண்டும்; எந்த இடத்தில் சிக்கிக்கொண்டான், தண்ணீர் ஓசை எந்தப் பக்கமிருந்து வருவதாக அவனுக்குக் கேட்டது, எந்தத் தமிழ் வரி புரியவில்லை என்பதையெல்லாம் ஒளிக்காமல் அவன் கையாலேயே எழுதி அனுப்பச் சொல். மாசி மாதத்துக்குள் வந்தால் அவள் திருத்தத்தில் சேர்த்துக்கொள்வாள். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்