சுத்தியல் எடுத்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அனைவருக்கும் வணக்கம். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கும் என் அண்ணன் இப்போது தடியூன்றித் தெருமுனை வரை போய்வருகிறார். உதவியவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

பாதத்தில் தொடங்கிய மதமதப்பு முழங்கால் வரை ஏறி, படியேற முடியாமல் போனது. ஒரு கிளினிக்கில் அசதி என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவே, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நிற்க, சந்து சந்தாகப் புகுந்து அரசு மருத்துவமனையில் சேர்த்தவர் பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அண்ணன். வாடகை என்று வாயெடுத்தாலே கோபிக்கிறார்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரம்மா ஸ்கேனுக்கு எழுதுவதற்கு முன் ரப்பர் சுத்தியலை எடுத்தார். முழங்காலுக்குக் கீழே தட்டினார், கால் உதறவில்லை. இரு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டு மறுபடி தட்டினார். அப்போதும் இல்லை. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் தட்டியும் அசைவில்லை. "சமீபத்தில் வயிற்றுப்போக்கு வந்ததா?" என்று கேட்டார். வந்திருந்தது. மூளைக் கோளாறென்றால் நாளடைவில் அந்த உதறல் கூடத்தான் செய்யும், இது வயிற்றுப்போக்குக்குப் பிறகு கைகால் நரம்புகளைத் தாக்கக்கூடிய கில்லன் பாரே நோய் போலிருக்கிறது என்றார். விலையில்லாத சோதனை, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதை முதலிலேயே யாரும் ஏன் செய்யவில்லை என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

நரம்புச் சோதனை அறையில் இருந்த டெக்னீஷியன் தம்பி, வெந்நீரில் நனைத்த துண்டால் அண்ணனின் பாதங்களைச் சூடேற்றிய பிறகே மின்முனைகளை ஒட்டினார். குளிர்ந்த காலில் நரம்புத் துடிப்பு மெதுவாக ஓடி, இல்லாத பழுதையும் காட்டிவிடுமாம். முழங்காலுக்குப் பின்னால் லேசாக மின்சாரம் கொடுத்தால், அது முதுகுத்தண்டு வரை போய்த் திரும்பி, ஏறக்குறைய 30 மில்லிவினாடியில் கெண்டைக்கால் தசை துடிக்க வேண்டும். 1910இல் ஜெர்மன் உடலியலாளர் பால் ஹாஃப்மன் விவரித்த எச் ரிஃப்ளெக்ஸ் என்ற அனிச்சைத் துடிப்பு அது. மற்ற அளவுகள் பெரிதாகக் கெடாத தொடக்க நாட்களிலேயே இது மறைந்துவிடுவதுண்டு. திரையில் கோடு நேராகவே ஓடியது. அன்றே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள்.

வார்டு சிஸ்டர்களை எப்படி மறப்பது? மூச்சுத் தசைகள் தளர்கின்றனவா என்று பார்க்க, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணச் சொல்வார்கள். இரவிலும் எழுப்பி எண்ணவைப்பார்கள். பக்கத்துக் கட்டில் தாத்தாவும் சேர்ந்து எண்ணுவார்.

குதிகாலில் உதறல் இன்னும் திரும்பவில்லை. பலம் வந்த பிறகும் அது தாமதிக்கலாமாம். டாக்டரம்மாவுக்கு வஞ்சிரம் அனுப்பியே தீருவேன் என்று அண்ணன் நிற்கிறார். வாங்கமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டோம், கேட்பதாக இல்லை.