முன்னாள் கடற்படையினர் சங்கம், குன்னூர் வட்டாரம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, மறைந்த தோழர்களின் துணைவியரே, வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. டிசம்பர் 4, கடற்படை நாளில் மறைந்தோருக்கு மலரஞ்சலி செலுத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் பற்றியே பேச வேண்டும்.

நம்மில் பலர் பாய்லர் அறையிலும் இன்ஜின் அறையிலும் பணிபுரிந்தவர்கள். 1972-இல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். நீலகிரி, நம் மலையின் பெயர் தாங்கிய அந்தப் போர்க்கப்பல், நீராவியில் ஓடியது. அக்கால நீராவிக் கப்பல்களில் சூடு வெளியேறாதிருக்கக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றுவது உலகெங்கும் வழக்கம். இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டிலும் அதுவே. பழுதுபார்க்கையில் பிய்த்தெடுத்தால் தூசி பறக்கும். கீழ்த்தளத்தில் அது போக வழியிருக்காது. சுவாசித்த நார்கள் நுரையீரலிலேயே தங்கிவிடும். நோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். நுரையீரல் தழும்பேறி இறுகலாம், புற்றுநோய் வரலாம், நுரையீரல் உறையில் மீசோதெலியோமா என்னும் புற்றுநோய் வரலாம். புகைபிடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு. தூசி படிந்த வேலை உடுப்பைத் துவைத்த பெண்களுக்கும் இந்நோய் வந்ததுண்டு.

மலையில் இருக்கும் நமக்கு இன்னொரு சிக்கல். மார்க்கெட்டிலிருந்து பெட்ஃபோர்டு ஏறும்போது மூச்சு வாங்கினால் மேடு, பனி, வயசு என்று விட்டுவிடுகிறோம். எங்கே வேலை செய்தோம் என்று நாமாகச் சொல்லாவிட்டால் மருத்துவருக்கும் கல்நார் நினைவுக்கு வராது. எக்ஸ்ரேயில் தெரியாத ஆரம்பத் தழும்பு சி.டி. ஸ்கேனில் தெரியலாம், அதைக் கேட்டு எடுக்கவும் காரணம் வேண்டுமே.

கல்நார்த் தொழிலாளரின் மருத்துவப் பதிவேடுகளை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கப்பலில் இருந்த நம் பணி விவரத்தை நாமே எழுதி வைப்போம் என்று செயற்குழு முடிவெடுத்தது. எந்தக் கப்பல், எந்த ஆண்டுகள், எந்தப் பிரிவு, குழாய் உறையைப் பிய்த்ததுண்டா: ஒரே பக்கப் படிவம். ஒரு பிரதி டிஸ்சார்ஜ் புக்கோடு, இன்னொன்று முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். மருத்துவரிடம்.

வயதானவர்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். அந்தத் தழும்பை அழிக்க மருந்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் பீடி, சிகரெட்டை இன்றே விடலாம். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசி போடலாம். கட்டி இருந்தால் முன்னதாகக் கண்டுபிடிக்கலாம். இவை சிறிய விஷயங்கள் அல்ல.

வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் படியும் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டாதீர்கள். ஷீட்டை மாற்ற நேர்ந்தால் நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள்.

கோத்தகிரிப் பக்கத்து உறுப்பினர்கள் பலர் படிவம் இன்னும் தரவில்லை. எழுத முடியாதவர்கள் வீட்டுக்குச் செயற்குழுவினர் வருவார்கள். கணவரின் கப்பல் பெயர் மட்டுமே தெரிந்த சகோதரிகளும் தயங்காமல் சொல்லுங்கள், மற்றதை அவரோடு பணிபுரிந்தவர்களிடம் கேட்டு நிரப்பிக்கொள்கிறோம்.

நன்றி.
செயலாளர்