வேலூருக்கு வரப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள ரவிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவை சி.எம்.சி.யில் காட்ட வருகிறீர்கள், ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே லாட்ஜில் சும்மா இருக்கவேண்டி வரும், எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இங்கே யாரைக் கேட்டாலும் கோட்டை, பொற்கோயில், ஆம்பூர் பிரியாணி என்பார்கள். உனக்கு அது போதாது. கல்லூரி நாட்களில் நாங்கள் டீக்கடைக்கு ஓடும்போது ஒரு தூண் முன்னால் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவாயே, அந்த ரவிக்காகத்தான் எழுதுகிறேன்.

வெயில் ஏறுமுன் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போய்விடு. கல்யாண மண்டபத்துக்கே ஒரு காலைப்பொழுது வேண்டும். முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகள், யாளிகள், மேலே வீரர்கள். நிமிர்ந்து பார்த்தால் விதானத்தில் தாமரையைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கும். அதை நீ வரைந்து நான் பார்க்க வேண்டும். இந்த மண்டபத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் திட்டமிட்டார்கள், அதற்கென வந்த கப்பல் மூழ்கியதால் மண்டபம் தப்பியது என்று ஊரில் சொல்வார்கள். கருவறையோ நெடுங்காலம் சாமியில்லாமல் கிடந்தது. 1981-இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். சின்ன வயதில் அந்த வெற்றுக் கருவறையைப் பார்த்தவன் நான். இன்று பிரதோஷக் கூட்டத்தில் நிற்கையில் மனசு நிறைந்துவிடுகிறது.

1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி உனக்குத் தெரிந்ததுதான். நினைவுத்தூண் மக்கானில் இருக்கிறது, போகிற வழியில் பார்த்துக்கொள். அதைவிட, பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கு அவசியம் போ. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அங்கேதான் அடங்கியிருக்கிறான். ஆங்கிலேயர்கள் 1815-இல் அவனைப் பிடித்தார்கள். அதன்பின் இந்தக் கோட்டையில் கைதியாக இருந்து 1832-இல் இறந்தான். சொந்த மண்ணைத் திரும்பப் பார்க்காமலே போன மனிதன். அங்கே கூட்டம் இருக்காது. எனக்கு அந்த இடத்தில் பேச்சே வராது.

ஒரு நாள் விரிஞ்சிபுரம். பெங்களூர் சாலையில்தான், டவுன் பஸ் உண்டு. மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் மதிலழகைச் சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் நீ உள்ளே போய் நேரங்காட்டும் கல்லைத் தேடிப் பிடி. அரைவட்டக் கல்லில் எண்கள் செதுக்கியிருக்கும். மேலே இருக்கும் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் மணி சொல்லும். பையனையும் கூட்டிப் போ, கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்க்கட்டும். வானத்தில் அவனுக்கு அவ்வளவு ஆசை என்றால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர். பொதுமக்களை அனுமதிக்கும் நாளைப் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், மலைப்பாதை தூரம் அதிகம்.

தங்கச்சியைக் காய்கறிக் கடையில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கேட்கச் சொல். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த காய். நம் வீட்டுக்கே கொண்டு வந்தால் எண்ணெய்க் கத்திரிக்காயாக வதக்கிவிடலாம்.

எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மகள் ஓசூருக்கு மாற்றலாகிப் போனதால் மாடி அறை காலி. லாட்ஜ் எதற்கு? அம்மாவுக்கும் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். டாக்டர் தேதி தெரிந்ததும் எழுது, காட்பாடி ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சேகர்