காப்பி காய்க்கும்வரை எதைச் சாப்பிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரு நாட்டின் ‘ஒளிரும் பாதை’ இயக்கத்தின் எச்சங்கள் குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். 1980இல் வாக்குப்பெட்டிகளை எரித்துப் போரைத் தொடங்கிய இந்த மாவோயிஸ்டுகள், 1992இல் தலைவர் குஸ்மான் பிடிபட்டதும் சிதறிப்போனார்கள். மிச்சமிருப்பவர்கள் அபூரிமாக், ஏனே, மந்தாரோ ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கொக்கைன் கடத்தலுக்குக் காவல் நின்று, கப்பம் வாங்கிப் பிழைக்கிறார்கள். 2021 மே மாதம் அங்கே குழந்தைகள் உட்பட 16 பேர் கொல்லப்பட்டதற்கும் ராணுவம் இவர்களைத்தான் குற்றம் சாட்டியது.

ஆனால், கொக்கைனுக்கு மூலப்பொருளான கோகா இலை அங்கே விளைந்துகொண்டிருக்கும்வரை கப்பமும் இருக்கும்; ராணுவத்தால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. கோகாவில் ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை இலை பறிக்கலாம், உடனே ரொக்கம். அங்கே மாற்றுப்பயிராகச் சொல்லப்படும் காப்பியோ காக்க வைக்கும். இலைத்துரு நோய் தாக்கிய செடிகளைப் பிடுங்கிவிட்டு எங்கள் தோட்டத்தில் புதுக்கன்று நட்டபோது, மூன்றாம் ஆண்டில்தான் கூடையில் பழம் பார்த்தோம். அதுவரை ஊடுபயிரான வாழைதான் சோறு போட்டது. 2013இல் அதே நோய் பெருவின் காப்பியையும் சூறையாடியது. கையில் காசில்லாத விவசாயி கோகாவுக்குப் போனதில் என்ன வியப்பு? எனவே கோகாவை அழிக்கும் அரசு, காப்பி காய்க்கும்வரை அந்தக் குடும்பங்களுக்கு மாத உதவித்தொகை தர வேண்டும். கொக்கைனை வாங்கிக் குவிக்கும் பணக்கார நாடுகள் அந்தச் செலவில் பாதியையாவது ஏற்கட்டும்.

- ஒரு காப்பி விவசாயி, தாண்டிக்குடி