சருகுத்தாளில் வந்த செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய தங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையில், சோவியத் எதிர்ப்பாளர்கள் செய்திகளை "அச்சிட்டு விநியோகித்தார்கள்" என்று ஒரு வரி வந்திருந்தது. அச்சகங்கள் எல்லாம் அரசின் பிடியில் இருந்த நாடு அது. அவர்களிடம் இருந்தது தட்டச்சுப் பொறி மட்டுமே.

மாஸ்கோவில் 1968 ஏப்ரல் 30 தேதியிட்டு வெளிவந்த 'நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு' என்ற மனித உரிமை மறைவிதழையே பாருங்கள். முதல் இதழைத் தட்டச்சு செய்தவர் கவிஞர் நடாலியா கொர்பனேவ்ஸ்கயா. முகப்பில் கருத்துச் சுதந்திரத்தைச் சொல்லும் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 19ஆம் பிரிவு இருக்கும். வெங்காயச் சருகு போன்ற தாள்களை அடுக்கி, நடுநடுவே கார்பன் தாள் வைத்து, விசையை ஓங்கி அடிக்க வேண்டும். அப்படியும் ஒரு தடவைக்குச் சில படிகளே தேறும்; அடியில் இருக்கும் படி மங்கிவிடும். படி கிடைத்தவர் தாமும் தட்டச்சு செய்து பிறருக்குக் கொடுப்பார். மங்கிய படியைப் பார்த்து அடிக்கும்போது பெயர் திரியும், தேதி மாறும். அது சாதாரணப் பிழையல்ல. "சோவியத் அமைப்பின் மீது அவதூறு" என்று வழக்குப் போட ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 190-1ஆம் பிரிவு காத்திருந்தது. 3 ஆண்டுவரை சிறை. சோவியத் எதிர்ப்புப் பிரசாரத்துக்கான 70ஆம் பிரிவு பாய்ந்தால் 7 ஆண்டுவரை சிறை, அதன்மேல் தொலைதூர ஊரில் 5 ஆண்டுவரை கட்டாய வாசம்.

அதனால்தான் குறிப்பேட்டில் வசைமொழி கிடையாது. யார் வீட்டில், எந்தத் தேதியில் சோதனை, எதை எடுத்துச் சென்றார்கள், எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு என்பதோடு சரி. முந்தைய இதழில் தவறு இருந்தால் அடுத்ததில் திருத்தம் வரும். என் பார்வையில் அவர்களுடைய மிகப் பெரிய துணிச்சல் அந்தத் திருத்தப் பகுதிதான்.

செய்தி சேர்த்த விதத்தை 5ஆம் இதழே சொல்கிறது. இதழை யாரிடமிருந்து பெற்றீர்களோ அவரிடமே தகவலைக் கொடுங்கள். அவர் தமக்குக் கொடுத்தவரிடம் சேர்ப்பார். சங்கிலியின் மறுமுனை வரை நீங்களே தேடிப் போகாதீர்கள், உளவாளி என்று நினைத்துவிடுவார்கள். ஒருவர் பிடிபட்டாலும் அவருக்குத் தெரிந்தது முன்னும் பின்னும் ஓரிருவரை மட்டுமே.

கொர்பனேவ்ஸ்கயா 1969 டிசம்பரில் கைதாகி, பின்னர் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். இதழ் நிற்கவில்லை. இனி ஒவ்வோர் இதழுக்கும் ஆட்கள் கைதாவார்கள் என்று சோவியத் உளவு அமைப்பான கேஜிபி மிரட்டிய பிறகு, 27ஆம் இதழோடு 1972இல் நின்றது. 1974 மே மாதம் மூன்று இதழ்கள் சேர்ந்தே வந்தன. பரப்பும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஏற்றவர்கள் செர்கெய் கவல்யோவ், தத்யானா வெலிகனோவா, தத்யானா ஹதரோவிச். அந்த ஆண்டு டிசம்பரிலேயே கவல்யோவ் கைதானார். 7 ஆண்டு முகாம், 3 ஆண்டுக் கட்டாய வாசம். வெலிகனோவாவை 1979இல் பிடித்தார்கள்.

59ஆம் இதழ் 1981இல் ஒரு சோதனையின்போது கேஜிபி கையில் சிக்கியது. அடுத்து வந்த இதழின் எண் 60.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி